வயல் நடுவே சதுர அகழி: அங்கே இருந்தது கோட்டையா, வீடா?

கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் நடைபயணம் போன ஒருவர் கேட்டிருக்கிறார்: பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் வயல்களுக்கு நடுவே பழங்கால எழுத்துருவில் 'மோட்' (அகழி) என்று அடிக்கடி போட்டிருக்கிறது, போய்ப் பார்த்தால் கோட்டையும் இல்லை, சுவரும் இல்லை, மரங்கள் சூழ்ந்த ஒரு சதுரப் பள்ளம்தான் இருக்கிறது, அவ்வளவு கோட்டைகளா அங்கே இருந்தன, அது பழைய அகழிதான் என்பதை எப்படி உறுதிசெய்வது? கோட்டை இருந்ததா என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: பெரும்பாலும் இல்லை. ஆனால் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. சாதாரண விவசாய நிலத்தில், யார், எதற்காக இவ்வளவு மண்ணை வெட்டினார்கள்? அதற்கு விடை தேட, ஒவ்வொரு அகழியிடமும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வந்தது? வெட்டிய மண் எங்கே போனது? இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டே போனால் பாதிக்கு மேல் தெளிந்துவிடும்.

அகழி என்றதும் நமக்கு உயர்ந்த மதிலும் உள்ளே நீந்தும் முதலையும் நினைவுக்கு வரும். அந்தப் படத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். இங்கிலாந்தில் இதுவரை அறியப்பட்ட அகழி வளாகங்கள் சுமார் 6,000. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வீடுகள்: ஒரு மேனரின் தலைமை வீடு, இல்லையென்றால் வசதியான சொந்த நிலக்காரரின் வீடு. சில இடங்களில் பாதிரியார் வீடு, மடாலயத்துப் பண்ணை, வேட்டைக்கு வருபவர்கள் தங்கும் மாளிகை. மேனர் என்பது ஒரு பிரபுவின் கையில் இருந்த நில அலகு. அவருடைய சொந்தப் பண்ணை நிலம், குடியானவர்கள் பயிரிட்ட நிலம், மேய்ச்சல், காடு, அவர் நடத்திய உள்ளூர் நீதிமன்றம் எல்லாம் அதில் அடக்கம். கிழக்கு மாவட்டங்களில் ஒரே ஊரை இரண்டு மூன்று மேனர்கள் பங்குபோட்டுக்கொண்டிருப்பது சாதாரணம். அதனால் ஓர் ஊர் எல்லைக்குள் இரண்டு மூன்று அகழிகள் தென்பட்டால் வியக்க வேண்டியதில்லை.

காலத்தைப் பொறுத்தவரை பெரிய சந்தேகம் இல்லை. இவற்றில் பெரும்பகுதி 1250க்கும் 1350க்கும் இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. அதற்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. நார்ஃபோக்கில் உள்ள ஆக்ஸ்பரோ ஹால் செங்கல் மாளிகைக்கு அரசரின் அனுமதி கிடைத்தது 1482இல்தான். இடப்பரவலும் தெளிவானது. எசெக்ஸ், சஃபோக் இரண்டிலும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நடு இங்கிலாந்தில் வார்விக்ஷயரின் ஆர்டன் காட்டுப் பகுதியில் நெருக்கமாக இருக்கின்றன. அதே மாவட்டத்தின் தெற்கே, பழைய காலத்திலிருந்தே திறந்த வயல்களாகக் கிடந்த ஃபெல்டன் பகுதியில் குறைவு. சுண்ணாம்புப் பாறை மேடுகளில் தேடினால் அரிதாகத்தான் கிடைக்கும்.

அந்தப் பரவலுக்கு முதல் காரணம் மண். கிழக்கு இங்கிலாந்தின் மேட்டு நிலங்களில் பனியுகப் பனிப்பாறைகள் விட்டுச்சென்ற கனத்த களிமண் பரவிக் கிடக்கிறது. அதில் குழி வெட்டினால் தனியாக எதுவும் பூச வேண்டியதில்லை. மழைநீரும், பக்கத்து வயல்களிலிருந்து கசிந்து வருவதும் அப்படியே நிற்கும். சுண்ணாம்புப் பாறையிலோ சரளையிலோ வெட்டினால் தண்ணீர் இறங்கிவிடும். களிமண்ணுக்கு நடுவில் மணல் திட்டு குறுக்கிட்டால் அந்த இடத்தில் மட்டும் களிமண்ணைக் குழைத்து, மிதித்து, அடித்துப் பூசினால்தான் நீர் நிற்கும். இரண்டாவது காரணம் நிலத்தின் வரலாறு. ஆர்டன் போன்ற இடங்களில் 13ஆம் நூற்றாண்டில் காட்டை வெட்டிப் புது வயலாக்கினார்கள். ஊர்க் கட்டுப்பாடு குறைவான அந்தப் புது நிலத்தில் தனி வீடு கட்டிக்கொண்டவர்கள் அதைச் சுற்றி அகழியும் வெட்டிக்கொண்டார்கள். சஃபோக்கில் பொது மேய்ச்சல் வெளிகளின் ஓரமாக வரிசையாக அகழிகள் இருப்பதைப் பார்க்கலாம்.

இனித் தண்ணீர். நம் ஊர் ஏரியை அறிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். வரத்துக் கால், மதகு, கலிங்கு, கரை என்ற நான்கும் இங்கேயும் வேறு அளவில் வேலை செய்கின்றன. சமதரையில் வெட்டிய அகழி பெரும்பாலும் கசிவையும் மழையையும் நம்பியே இருந்தது. கோடையில் நீர் வற்றி, சேறும் நாணலுமாக நிற்கும். பள்ளத்தாக்கில் இருந்தால் ஓடையிலிருந்து ஒரு வாய்க்கால் திருப்பி ஒரு மூலையில் விடுவார்கள், எதிர் மூலையில் மதகு வைத்து ஓடையிலேயே மறுபடி சேர்ப்பார்கள். சிக்கல் வருவது சரிவில்தான். நீர்மட்டம் நாலு பக்கமும் ஒன்றாகத்தான் நிற்கும், நிலம் அப்படி நிற்காது. அறுபது மீட்டர் நீளத்தில் நிலம் இரண்டு மீட்டர் சரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் பக்கத்து அகழியை இரண்டு மீட்டர் கூடுதலாகத் தோண்ட வேண்டும், அல்லது கீழ்ப் பக்கத்தின் வெளி ஓரத்தில் கரை போட்டுத் தேக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் இரண்டையும் பாதிப் பாதி செய்திருக்கிறார்கள். அதனால்தான் வெளிக்கரை சரிவின் கீழ்ப் பக்கத்தில் மட்டும் தடித்து நிற்கும். அது எதிரியைத் தடுக்க எழுப்பிய அரண் அல்ல, அணை. இதை அரண் என்று தவறாகப் படிப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இரண்டாவது கேள்வி மண். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அகழி சூழ்ந்த நடுத்திட்டு 50 மீட்டருக்கு 50 மீட்டர், அதாவது அரை ஏக்கருக்குச் சற்று மேல், நடுத்தர அளவு. அகழியின் மேல் அகலம் 10 மீட்டர், அடி அகலம் 4 மீட்டர், ஆழம் 2 மீட்டர். குறுக்குவெட்டுப் பரப்பு 14 சதுர மீட்டர். அகழியின் நடுக்கோட்டை ஒட்டி ஒரு சுற்று 240 மீட்டர். ஆக வெட்ட வேண்டிய மண் 3,360 கன மீட்டர். இரும்பு விளிம்பு போட்ட மரமண்வெட்டியால், ஈரக் களிமண்ணை வெட்டித் தூக்கிப் போட, ஓர் ஆள் ஒரு நாளைக்கு 3 கன மீட்டர் தள்ளினால் அது நல்ல வேலை. அப்படியானால் 1,120 ஆள் நாள். இருபது பேர் இரண்டு மாதம். 1300ஐ ஒட்டிய காலத்தில் சாதாரணக் கூலி நாளுக்கு சுமார் ஒன்றரைப் பென்னி. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்ற அன்றைய கணக்கில் இது ஏழு பவுண்டு. 1278இல் அரசர் முதலாம் எட்வர்ட், ஆண்டுக்கு 20 பவுண்டு மதிப்புள்ள நிலம் வைத்திருப்பவர்கள் நைட் பட்டம் ஏற்றாக வேண்டும் என்று ஆணையிட்டார். அந்த வரம்பில் இருந்த ஒருவருக்கு இந்த அகழி, ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. குடியானவர்களின் கட்டாய உழைப்பு கையிலிருந்தால் காசுச் செலவு குறையும். மண்வெட்டிக்குப் பின்னால் நிற்க வேண்டிய நாட்கள் குறையாது. நான் எடுத்துக்கொண்ட அளவுகளை மாற்றினால் தொகையும் மாறும். ஆனாலும் சிறிய நிலக்காரருக்கு எட்டாத காரியம் அல்ல, யோசிக்காமல் செய்கிற காரியமும் அல்ல என்பது எந்தக் கணக்கிலும் தெரியும்.

வெட்டிய அந்த 3,360 கன மீட்டரில் பாதியைத் திட்டின்மேல் பரப்பினால் தரை ஏறக்குறைய 67 சென்டிமீட்டர் உயரும். ஈரம் ஊறும் களிமண் நிலத்தில் மர வீடு கட்டுபவருக்கு அது சாதாரண லாபம் அல்ல. மீதி மண் கீழ்ப்பக்கக் கரைக்கும், பக்கத்துப் பள்ளங்களை நிரப்பவும் போகும். எல்லா இடத்திலும் திட்டு உயர்ந்திருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பல இடங்களில் திட்டு சுற்று வயலின் மட்டத்திலேயே இருக்கிறது. அப்போது மண் எங்கே போனது என்று சுற்றிலும் தேட வேண்டும். வெளிக்கரையாகவோ, பக்கத்து நிலத்தில் அடர்ந்த மேடாகவோ அது எங்கேயாவது இருக்கும்.

திட்டின் மேல் என்ன இருந்தது? நடுவில் கூரை உயர்ந்த பெருங்கூடம், அதன் தரை நடுவே திறந்த அடுப்பு. ஒரு முனையில் பிரபுவின் குடும்பத்துக்கான அறை, மறுமுனையில் உணவும் பானமும் வைக்கும் அறைகள். தீப்பிடிக்கும் என்ற பயத்தில் சமையற்கட்டு தனிக் கட்டடமாக இருக்கும். வசதி இருந்தால் ஒரு சிறு கிறித்தவக் கோவில், வாசல் மாடம். கொட்டகைகள், தொழுவங்கள், புறாமாடம் பெரும்பாலும் அகழிக்கு வெளியே இருந்த முற்றத்தில் அல்லது இரண்டாவது திட்டில் இருந்தன. இரட்டைத் திட்டு வளாகங்களில் இரண்டாவது திட்டைப் பழத்தோட்டமாகவும் காய்கறித் தோட்டமாகவும் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் முழுதாக நிற்கும் வீடுகளைப் பார்க்க விரும்பினால், கென்டில் உள்ள ஐதம் மோட்டைப் பாருங்கள். 14ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்த வீட்டின் சுவர்கள் நேராகத் தண்ணீரிலிருந்து எழும்புகின்றன. நார்த் யார்க்ஷயரின் மார்க்கன்ஃபீல்ட் ஹாலுக்குக் கோட்டையில் இருப்பதுபோல் பல் பல்லான மதில் முகடு வைக்க 1310இல் அரச அனுமதி கிடைத்தது. இந்த அனுமதி முகடு வைக்கத்தான். வெறும் அகழி வெட்ட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆறாயிரம் அகழிகள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொன்னால் தவறாகாது.

அகழியில் மீன் வளர்த்தார்களா என்று எல்லோரும் கேட்பார்கள். வளர்த்தார்கள், ஆனால் முக்கிய மீன்குளம் பெரும்பாலும் தனியாகத்தான் இருந்தது, காரணம் வீட்டுக் கழிவு அகழிக்கே வந்தது. கழிவறைத் துவாரங்கள் நேரே நீர் மேல் திறந்த இடங்கள் உண்டு. வார்விக்ஷயரின் பேட்ஸ்லி கிளின்டன் என்ற வீட்டில் அகழி மட்டத்தில் ஓடும் பழைய கழிவுநீர்ச் சுரங்கத்தை இன்றும் பார்க்கலாம். 1591 அக்டோபரில் அந்த வீட்டைச் சோதனையிட ஆட்கள் வந்தபோது, அன்று தடைசெய்யப்பட்டு உள்ளே ஒளிந்திருந்த கத்தோலிக்கக் குருமார்கள் அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கி, தண்ணீரில் கால் நனைய மணிக்கணக்கில் நின்று தப்பினார்கள். அந்த ஒரு சுரங்கம் போதும், அகழி அழகு மட்டும் அல்ல, வீட்டின் சாக்கடையும்தான் என்று காட்ட. ஓடும் நீர் இல்லாத அகழியில் கோடையில் என்ன வாடை அடித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

உள்ளே போக வழி மரப்பாலம். அடியில் நீளமான கனத்த ஓக் கட்டையைச் சேற்றில் படுக்கவைத்து, அதில் துளையிட்டுத் தூண்களைச் செருகுவார்கள். தூண் மக்கிப்போனாலும் படுக்கைக் கட்டை காற்றுப் படாத சேற்றில் எழுநூறு ஆண்டு கழித்தும் கிடைக்கும். அதன் வளையங்களை எண்ணி மரம் வெட்டிய ஆண்டையே சில சமயம் சொல்லிவிட முடியும். இப்போது நீங்கள் பார்க்கும் மண் பாதை பெரும்பாலும் பிறகு வந்தது. பாலம் பழுதானதும் அந்த இடத்தை மண்ணால் நிரப்பிவிட்டார்கள். கார்ன்வாலில் பென்ஹாலம் என்ற இடத்தில் அகழிக்குள் ஒரு முழு மேனர் வீட்டின் அடித்தளம் கிடக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1300 வரை கட்டி, 14ஆம் நூற்றாண்டில் கைவிட்டு, பிறகு யாரும் மேலே எதுவும் கட்டாததால், 1968இல் தொடங்கிய அகழாய்வில் கூடம், அறைகள், சமையற்கட்டு, சிறு கோவில், இழுபாலத்தோடு கூடிய வாசல் என்று முழு வரைவும் வெளிப்பட்டது. ஒரு வளாகத்தின் உள் அமைப்பைக் கால் நடையாகவே புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் குறைவு.

எதற்காக வெட்டினார்கள் என்பதில்தான் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. பாதுகாப்புக்கு என்று ஒரு தரப்பு. 1264 முதல் 1267 வரை அரசருக்கு எதிரான பிரபுக்களின் போர் நடந்தது. 1285இல் வந்த வின்செஸ்டர் சட்டம், கொள்ளையர் பதுங்காதபடி வணிகச் சாலைகளின் இருபுறமும் 200 அடிக்குப் புதரும் பள்ளமும் இல்லாமல் வெட்டச் சொன்னது. நாட்டில் பயம் இருந்தது உண்மை. ஆனால் ஸ்காட்லாந்துப் படைகளின் தாக்குதலுக்கு ஆளான வட எல்லையில் அகழிகள் குறைவு, அமைதியான எசெக்ஸில் அதிகம். பல அகழிகளுக்கு உள்ளே மதிலோ, கரையோ, மரவேலியோ இருந்த தடயம் இல்லை. மூன்று பக்கம் மட்டுமே வெட்டியவையும் உண்டு. பத்து மீட்டர் தண்ணீர் வில்லாளியைத் தடுக்காது. இவற்றை வைத்து, இது வெறும் அந்தஸ்து, கோட்டையைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட சிறு பிரபுவின் ஆசை என்று இன்னொரு தரப்பு சொல்கிறது.

என் கணிப்பில் அந்தஸ்து என்ற விளக்கத்தை இன்று அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்கள். அதைப் பொய் என்று நிரூபிக்க வழியே இல்லாததுதான் அதன் பலம். படையைத் தடுக்காத அகழி, இரவில் மாடு ஓட்டிப்போக வரும் நாலு திருடர்களை நன்றாகவே தடுக்கும். ஒரே பாலம், ஒரே வாசல், கதவைச் சாத்தினால் போதும். மறுபக்கம், நீர் வடிய மட்டும் என்று சொல்பவர்களின் வாதமும் நிற்காது. வடிகாலுக்கு ஒன்றரை மீட்டர் அகலமே தாராளம். பத்து மீட்டர் வெட்ட ஆயிரம் ஆள் நாள் செலவழிக்க வேண்டியதில்லை. ஆக, தரை உயரவும் உலரவும் ஒரு லாபம், திருட்டுக்குத் தடை, தீயணைக்கவும் மாட்டுக்கும் நீர், இதற்கெல்லாம் மேலே தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு 'இங்கே ஒரு பெரியவர் இருக்கிறார்' என்ற செய்தி. எது முதலில் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒரு குறிப்பிட்ட அகழிக்கு எந்தக் காரணம் என்று, ஆவணமோ அகழாய்வோ இல்லாமல் யாரும் உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

1315 முதல் 1317 வரை பெரும்பஞ்சம், 1348இல் கொள்ளைநோய். கூலி ஏறியது, கட்டாய உழைப்பு நழுவியது, பிரபுக்கள் பண்ணை நிலத்தைக் குத்தகைக்கு விடத் தொடங்கினார்கள். புது அகழிகள் குறைந்தன. பல வீடுகள் கைவிடப்பட்டன, பல வெறும் பண்ணை வீடுகளாகத் தொடர்ந்தன. வயல் நடுவே நீங்கள் பார்த்தது முதல் வகை. 'மோட் ஃபார்ம்' என்ற பெயரோடு இன்றும் ஆள் வசிப்பது இரண்டாம் வகை.

இனி அடையாளம் காணும் வழி. காலில் செருப்பு மாட்டும் முன் கணினியில் பாதி வேலையை முடித்துவிடலாம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் 19ஆம் நூற்றாண்டு ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்கள் இலவசம், இங்கிலாந்துக்கும் உண்டு. மைலுக்கு 25 அங்குல அளவில் வரைந்ததை எடுங்கள். இன்று இரண்டு பக்கமே தெரியும் அகழி அதில் நாலு பக்கமும் இருக்கலாம், ஏனென்றால் விவசாயிகள் ஒவ்வொரு பக்கமாகத் தூர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதற்கும் முந்தையது 1836 சட்டத்தைத் தொடர்ந்து வந்த தசமபாக வரைபடங்கள், அதாவது திருச்சபைக்குப் போன பத்தில் ஒரு பங்கு வரிக்காக வரைந்தவை. அவற்றின் வயல் பெயர்ப் பட்டியலில் 'மோட் ஃபீல்ட்', 'ஹால் யார்ட்' என்று இருந்தால் நல்ல துப்பு. பிறகு என்விரான்மென்ட் ஏஜென்சி இலவசமாகத் தரும் லைடார் படம். விமானத்திலிருந்து லேசர் கற்றையால் தரை உயரத்தை அளந்த தரவு அது. மரங்களைக் கழித்துவிட்டுத் தரையை மட்டும் காட்டும் வகையைத் தேர்ந்தெடுங்கள். காட்டுக்குள் ஒளிந்த அகழி அப்படியே பளிச்சென்று தெரியும். அந்த இடம் ஏற்கெனவே சட்டப் பாதுகாப்பில் இருக்கிறதா என்பதை ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் தேசியப் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

நேரில் போனால் குளிர்காலக் கடைசியில் போங்கள். இலை இருக்காது, நீர்மட்டம் உயர்ந்திருக்கும், சூரியன் தாழ்ந்திருப்பதால் சிறு மேடுகூட நிழல் போடும். முதலில் மூலைகளைப் பாருங்கள். திருத்தமாக வெட்டிய மூலையும் தட்டையான அடியும் மனிதத் திட்டத்தைக் காட்டும். திட்டு வெளி வயலைவிட உயரமா என்று பார்வையை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். நீர் உள்ளே வரும் மூலையையும் வெளியேறும் மூலையையும் தேடுங்கள். உள்ளே வரும் மூலையில் வண்டல் அதிகம் படிந்து ஆழம் குறைந்திருக்கும். மண் பாதை குறுக்கிட்டால் அதன் இரண்டு பக்கமும் நீர்மட்டம் ஒன்றா என்று கவனியுங்கள். பாதை பிறகு போட்ட தடுப்பு என்றால் மட்டம் வேறாக இருக்க வாய்ப்பு உண்டு.

பக்கத்தில் பழைய உழவு வரிகள் இருந்தால் அதுவே பெரிய பரிசு. இடைக்கால உழவு, வயலில் அகலமான வரப்பும் பள்ளமுமாக அலையலையாய்ப் பதிந்திருக்கும். அந்த வரிகள் அகழிக்கு முன்னால் நின்று, உழுகிற மாடு திரும்ப இடம் விட்டிருந்தால் அகழி அப்போதே இருந்தது. வரிகளை அகழி நறுக்கென்று வெட்டிக்கொண்டு மறுபக்கமும் அதே வரி தொடர்ந்தால், உழுத வயலுக்குள் பிறகு வெட்டியது. மண்ணைத் தொடாமலேயே முன்பின் சொல்ல முடிகிற சில சான்றுகளில் இது ஒன்று.

ஏமாற்றுபவை பல. களிமண் எடுத்த குழியில் ஒரு பக்கம் வண்டி இறங்கிய சரிவு இருக்கும், எடுத்த மண் அங்கே இராது. மீன்குளத்தில் மண் முழுவதும் ஒரே அணையில் குவிந்திருக்கும், நடுவில் வீடு நிற்கத் திட்டு இராது. மாட்டுக்கான மூன்று குட்டைகள் சேர்ந்து வளைந்து கிடந்தால் வரைபடத்தில் அகழி போலவே தெரியும். மிகவும் குழப்புபவை 16, 17ஆம் நூற்றாண்டுத் தோட்ட அகழிகள். நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள லிவ்டனில் சர் தாமஸ் டிரெஷம் அப்படி ஒரு நீர்த்தோட்டம் வெட்டினார். 1605இல் அவர் இறந்ததும் வேலை பாதியில் நின்றது. அங்கே அகழி சமச்சீராக, மூலையில் ஏறிப் பார்க்கச் செயற்கை மேடுகளோடு இருக்கிறது. உள்ளே இருந்தது கூடமும் சமையற்கட்டும் அல்ல, தோட்டம். 1944இல் ஜெர்மன் விமானப்படை எடுத்த ஒரு புகைப்படத்தில்தான் அந்தத் திட்டின் வட்ட வட்டமான பாத்தி வரிகள் தெளிவாகத் தெரிந்தன.

ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். மேலே நின்று பார்த்து ஆண்டு சொல்ல முடியாது. உள்ளே தோண்டினாலும் எளிதல்ல. அகழியை அவ்வப்போது தூர்வாரியிருப்பார்கள். அடியில் கிடைக்கும் மிகப் பழைய பானை ஓடு, கடைசியாகத் தூர்வாரியது எப்போது என்றுதான் சொல்லும், வெட்டியது எப்போது என்று சொல்லாது. 1280இல் வெட்டிய அகழியில் 1700க்கு முந்தைய பொருளே கிடைக்காமல் போகலாம். நம்பகமான சான்று இருப்பது வெட்டிப் போட்ட மண்ணுக்கு அடியில். அந்த மண் விழுந்த நாளில் பழைய தரை மூடப்பட்டது. அந்தத் தரையில் கிடந்த ஓடுகளுக்கு முந்தியதாக அகழி இருக்க முடியாது. அந்தத் தரையிலேயே ஒரு பழைய வீட்டின் அடுப்பு கிடைத்தால், வீடு முதலில், அகழி பிறகு என்றாகிவிடும். அப்படி வெளிப்பட்ட இடங்கள் உண்டு. வீட்டின் வயதும் அகழியின் வயதும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

சேற்றின் மதிப்பும் அதனால்தான். காற்றுப் புகாத அந்தக் கறுப்புச் சேற்றில் தோல் செருப்பு, மரக்கிண்ணம், பிளம் கொட்டை, பூச்சி இறகு, மகரந்தம் எல்லாம் மக்காமல் இருக்கும். நிலத்துக்காரர் நல்ல எண்ணத்தில் இயந்திரம் வைத்து ஒரே நாளில் தூர்வாரினால் அத்தனையும் வண்டியில் ஏறிவிடும். நீர்மட்டத்தைக் குறைத்தாலும் அதே கேடு, மெதுவாக. அடியிலிருக்கும் பாலக்கட்டை காற்றுப் பட்ட சில ஆண்டுகளில் நொறுங்கிவிடும். திட்டின் மேல் பெரிய மரங்களை விடுவதும் ஆபத்து. புயலில் வேரோடு சாய்ந்தால் அந்த வேர்த்தட்டு கூடத்தின் தரையையே பெயர்த்துக்கொண்டு வரும். சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள இடமானால் தூர்வார, மண் கொட்ட, கரை கட்ட முன் அனுமதி வேண்டும். 1979 சட்டப்படி அங்கே அனுமதியின்றி உலோகம் கண்டறியும் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். பட்டியலில் இல்லாத இடத்திலும் நிலத்துக்காரர் ஒப்புதல் இல்லாமல் பொதுப் பாதையை விட்டு இறங்க வேண்டாம். நீரில் கால் வைக்கவே வேண்டாம். மேலே முழங்கால் அளவு தண்ணீர் தெரிந்தாலும் அடியில் இடுப்பளவுச் சேறு இருக்கும்.

நீங்கள் பார்த்த இடம் எந்தப் பதிவிலும் இல்லை என்றால் அந்த மாவட்டத்தின் வரலாற்றுச் சூழல் பதிவேட்டு அலுவலகத்துக்கு எழுதுங்கள். வரைபடத்தில் இடத்தைக் காட்டும் கட்டக் குறியீட்டு எண், எத்தனை பக்கம் மிஞ்சியிருக்கிறது, காலடியால் அளந்த அகலம், ஒவ்வொரு பக்கத்திலும் தண்ணீர் நின்றதா இல்லையா, எந்த மாதம் பார்த்தீர்கள், பாதை எந்தப் பக்கம், உழவு வரிகள் எப்படி முடிகின்றன என்பதோடு மூலைகளின் படம் நாலு இருந்தால் அவர்களுக்குப் பெரிய உதவி. திட்டு வயலைவிட எவ்வளவு உயரம் என்பதையும் தோராயமாகக் குறித்துவையுங்கள். உயரமே இல்லையென்றால் அதையும் எழுதி, வெளியே எந்தப் பக்கம் நிலம் தடித்திருக்கிறது என்று சேர்த்து அனுப்புங்கள்.